ஜப்பானியம், சீனம்: யாருக்கு, எங்கே கஷ்டம்?

அமெரிக்க வெளியுறவுத் துறையில், தூதரக அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கவென்றே ஒரு பயிற்சி நிறுவனம் உண்டு. எந்த மொழிக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று தங்கள் அனுபவத்தில் அவர்கள் போட்டுவைத்திருக்கும் கணக்கு, மொழி கற்பவர்கள் மத்தியில் வெகு பிரபலம். பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்றால் 600 முதல் 750 மணி நேர வகுப்பு போதும். தமிழ், இந்தி, ரஷ்ய மொழி என்றால் 44 வாரம், 1100 மணி நேரம். சீனம், ஜப்பானியம், கொரியம், அரபு என்று வந்துவிட்டால் 88 வாரம், 2200 மணி நேரம். சம்பளத்தோடு, வேறு வேலை எதுவும் இல்லாமல், சின்ன வகுப்பில் உட்கார்ந்து படித்தால் ஆகும் காலம் இது. வீட்டுப்பாடம் தனி.

'உலகிலேயே கடினமான மொழிகள்' என்று யூடியூபில் வரும் காணொளிகள் பலவும் இந்தப் பட்டியலை வைத்துத்தான் பிழைக்கின்றன. பட்டியல் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காகப் போடப்பட்டது என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஒரு கொரியர் போட்டிருந்தால் ஜப்பானியம் எங்கோ மேலே, சுலபமான வரிசையில் இருந்திருக்கும். ஒரு தமிழர் போட்டிருந்தாலும் வரிசை கலைந்திருக்கும். எப்படிக் கலையும் என்று பார்க்க வேண்டுமானால், முதலில் சீனத்தையும் ஜப்பானியத்தையும் ஒரே மூட்டையில் கட்டுவதை விட வேண்டும். பிறப்பால் இரண்டுக்கும் உறவு கிடையாது. ஜப்பான்காரர்கள் எழுத்தையும், எழுத்தோடு ஆயிரக்கணக்கான சொற்களையும் சீனத்திலிருந்து கடன் வாங்கினார்கள். அந்தக் கடன்தான் வெளியாட்கள் கண்ணில் படுகிறது. கஷ்டம் இரண்டிலும் உண்டு. ஆனால் இருக்கிற இடம் வேறு.

வேலை தெரிந்தும் தோற்றவர்கள்

ஜப்பானிய எழுத்து என்ன செய்யும் என்பதற்கு வகுப்பறை உதாரணத்தைவிட நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 2008இல் இந்தோனேசியாவிலிருந்தும் அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸிலிருந்தும் பொருளாதார ஒப்பந்தங்களின்படி நர்சுகள் ஜப்பானுக்கு வரத் தொடங்கினார்கள். சொந்த ஊரில் படித்து, பதிவு பெற்று, வார்டில் வேலை பார்த்தவர்கள். ஆனால் ஜப்பானில் நர்ஸ் என்று பதிவு பெற, அந்த நாட்டு மாணவர்கள் எழுதும் அதே தேசியத் தேர்வை அதே மொழியில் எழுதித் தேற வேண்டும். 2009இல் 82 பேர் எழுதினார்கள். ஒருவர்கூடத் தேறவில்லை. 2010இல் 254 பேர் எழுதி 3 பேர் தேறினார்கள். அந்தத் தேர்வு எழுதும் ஜப்பானியர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வழக்கமாகத் தேறிவிடுகிறார்கள்.

அப்போது பத்திரிகைகளில் அடிபட்ட ஒரு சொல் 'ஜொக்குசோ'. படுக்கைப் புண் என்று பொருள். எந்த நாட்டு நர்சுக்கும் தெரிந்த, அன்றாடம் பார்த்துக் கட்டுப்போடும் புண். நோயாளியும் வீட்டாரும் அதை 'தொக்கோசுரே' என்று எளிய சொல்லால் சொல்வார்கள். வேலை பார்க்கும் இடத்தில் காதில் விழுவது அதுதான். தேர்வுத் தாளிலோ 'ஜொக்குசோ' என்று இரண்டு சீன எழுத்துகளில் இருந்தது. இரண்டும் பள்ளிக்கூடப் பட்டியலில் இல்லாத எழுத்துகள். ஜப்பானியரிலேயே மருத்துவம் படிக்காத பலர் அதைப் படிக்கத் திணறுவார்கள். புண்ணை ஆற்றத் தெரிந்தவருக்கு, கேள்வி எதைப் பற்றியது என்று தெரியவில்லை.

அரசு பிறகு இறங்கி வந்தது. கடினமான எழுத்துகளுக்குப் பக்கத்தில் அவற்றின் உச்சரிப்பைக் குட்டி எழுத்தில் கொடுத்தார்கள் (இதற்கு ஃபுரிகானா என்று பெயர்). நோய்ப் பெயர்களுக்கு ஆங்கிலம் சேர்த்தார்கள். பின்னர் வெளிநாட்டு நர்சுகளுக்குக் கூடுதல் நேரமும் கிடைத்தது. 2012இல் 415 பேர் எழுதி 47 பேர் தேறினார்கள். முன்னேற்றம்தான், ஆனாலும் ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர் என்ற கணக்குதான்.

இது நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 2019இல் ஜப்பான் கொண்டுவந்த 'குறிப்பிட்ட திறன்' விசாவில் முதியோர் பராமரிப்பு ஒரு முக்கியமான பிரிவு. இந்தியாவும் 2021இல் இதற்காக ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டது. தமிழ்நாட்டில் நர்சிங் முடித்த பிள்ளைகள் சாயங்கால வகுப்பில் ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தை எழுதிப் பழகுவதற்குக் காரணம் இதுதான். அந்த விசாவுக்குக் கேட்பது என்4 அளவு மொழி. அதாவது ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஐந்து படிகளில் கீழிருந்து இரண்டாவது.

ஒரே எழுத்து, ஐந்து ஒலி

ஜப்பானியத்தில் மூன்று எழுத்து முறைகள் ஒரே வரியில் கலந்து ஓடும். ஹிரகானா 46, கத்தகானா 46. இவை இரண்டும் ஒலியெழுத்துகள். ஒழுங்காக உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். மூன்றாவது, சீனத்திலிருந்து வந்த எழுத்து. பெயர் கஞ்சி. (நம் காதுக்குச் சிரிப்பாக இருக்கும். பழகிவிடும்.) அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு அறிவித்துள்ள கஞ்சிகள் 2136. 2010இல் திருத்திய பட்டியல் அது. அதில் 1026ஐ ஜப்பானியப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியின் ஆறு வருடத்தில் படிக்கிறார்கள். மிச்சம் மேல் வகுப்புகளில்.

2136 என்ற எண் பயமுறுத்துகிறது. ஆனால் உண்மையில் ஆளைத் தள்ளாட வைப்பது எண்ணிக்கை இல்லை. 'மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை, அரசு விடுமுறை, வெயில் அடித்த நாள்' என்று ஜப்பானியத்தில் ஒரு வரி எழுதினால் அதில் 'நாள், சூரியன்' என்று பொருள்படும் ஒரே கஞ்சி ஐந்து இடத்தில் வரும். ஒன்றாம் தேதியின் வாலில் 'தாச்சி' என்று படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கான சொல்லில் அதுவே இரண்டு முறை வரும்: தொடக்கத்தில் 'நிச்சி', கடைசியில் 'பி'. விடுமுறையில் 'ஜிட்சு'. வெயில் அடித்த நாளில் 'ஹி'. எந்த விதியும் முழுதாகக் காப்பாற்றாது. சொல் சொல்லாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நிலைமை வந்ததற்கு வரலாறு காரணம். சீன எழுத்து ஜப்பானுக்கு ஒரே தவணையில் வரவில்லை. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் தென் சீன உச்சரிப்போடு ஒரு அலை வந்தது. தாங் பேரரசு காலத்தில் தலைநகர் சாங்கான் உச்சரிப்போடு இன்னொன்று. பின்னாளில் ஜென் துறவிகளோடும் வணிகர்களோடும் மூன்றாவது. புது உச்சரிப்பு வந்தபோது பழையதை யாரும் தூக்கிப் போடவில்லை. போதாததற்கு, அந்தப் பொருளுக்கு ஏற்கெனவே இருந்த சொந்த ஜப்பானியச் சொல்லையும் அதே எழுத்தின் மேல் ஏற்றினார்கள். ஒரு கஞ்சிக்கு நான்கைந்து வாசிப்பு இருப்பது இப்படித்தான்.

ஆட்பெயர் என்றால் இன்னும் மோசம். எழுத்தைப் பார்த்து ஒருவர் பெயரை உறுதியாகச் சொல்ல ஜப்பானியராலேயே முடியாது. விண்ணப்பப் படிவம் எதுவாக இருந்தாலும் பெயருக்கு மேல் உச்சரிப்பு எழுத ஒரு கட்டம் இருப்பது அதனால்தான். குடும்பப் பதிவேட்டில் உச்சரிப்பையும் சேர்த்துப் பதிவு செய்யும் சட்டத் திருத்தம் 2025 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது!

இவ்வளவு தொல்லை என்றால் ஒலியெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு கஞ்சியைக் கைகழுவலாமே என்று கேட்கத் தோன்றும். ஜப்பானிலும் கேட்டவர்கள் உண்டு. சிக்கல் எங்கே என்றால், சீனச் சொற்களைக் கடன் வாங்கியபோது அவற்றின் தொனி (பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) ஜப்பானிய வாயில் நிற்கவில்லை. வேறு வேறாக ஒலித்த சொற்கள் ஒன்றாகிவிட்டன. 'ஷிரிட்சு' என்றால் நகராட்சிப் பள்ளியா, தனியார் பள்ளியா? இரண்டுக்கும் அதே ஒலி. பேச்சில் குழப்பம் வந்தால் முதலாவதை 'இச்சிரிட்சு' என்றும் இரண்டாவதை 'வதாக்குஷிரிட்சு' என்றும் வேண்டுமென்றே வேறு வாசிப்பில் சொல்லித் தெளிவுபடுத்துவார்கள். காதால் பிரிக்க முடியாததைக் கண்ணால் பிரிக்கக் கஞ்சி தேவைப்படுகிறது.

சீன எழுத்தில் ஒரு ஒழுங்கு உண்டு

சீனத்தில் எழுத்து அதிகம். 2013இல் சீன அரசு வெளியிட்ட பொதுப் பட்டியலில் 8105. அதில் அன்றாடத்துக்கு உரிய முதல் தரம் 3500. தொடக்கப் பள்ளி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை சுமார் 3000 எழுத்துகளை அடையாளம் காண வேண்டும் என்பது அங்கே பாடத்திட்டம். ஆனால் பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒரே ஒரு உச்சரிப்பு. ஜப்பானியத்தில் ஐந்து விதமாகப் படித்தோமே, அந்த 'நாள்' எழுத்து சீனத்தில் எங்கே வந்தாலும் ஒரே ஒலிதான். அந்த ஒலியும் நம் 'ழ்'க்கு வெகு அருகில் இருக்கும்.

அதோடு, சீன எழுத்துகள் எல்லாம் தனித்தனிப் படங்கள் என்று நினைப்பது தப்பு. மிகப் பெரும்பாலானவற்றில் ஒரு பாதி பொருளையும் இன்னொரு பாதி ஒலியையும் காட்டும். 'ச்சிங்' என்று ஒரு எழுத்து, பொருள் பச்சையும் நீலமும் கலந்த நிறம். அதன் இடப்பக்கம் தண்ணீர்க் குறி சேர்ந்தால் 'தெளிவு'. சூரியன் சேர்ந்தால் 'மேகமில்லாத வானம்'. பேச்சுக் குறி சேர்ந்தால் 'வேண்டிக்கேள்', நாம் 'தயவுசெய்து' என்று சொல்லும் இடத்தில் வருவது. இதயம் சேர்ந்தால் 'உணர்வு'. இவை எல்லாமே 'ச்சிங்' தான், தொனி மட்டும் மாறும். கண் சேர்ந்தால் ஒலி சற்று நழுவி 'ஜிங்' ஆகும். கண் என்ற சொல்லின் இரண்டாம் பாதி அது. முதல் 500 எழுத்துகள் மனப்பாடம்தான், தப்பிக்க வழியில்லை. அதற்குப் பிறகு வரும் எழுத்துகளைப் பாதி ஊகிக்கலாம். ஜப்பானியம் படிப்பவருக்கு இந்தச் சலுகை அரைகுறையாகத்தான் கிடைக்கிறது.

புதுச் சொற்களிலும் சீனம் ஒரு விதத்தில் நேர்மையான மொழி. 'தியென்' என்றால் மின்சாரம். தியென்ஹுவா (மின்பேச்சு) தொலைபேசி. தியென்யிங் (மின்நிழல்) திரைப்படம். தியென்னாவ் (மின்மூளை) கணினி. ஆங்கிலம் தெரிந்திருப்பதால் இங்கே காலணாப் பிரயோஜனம் இல்லை. ஜப்பானியத்தில் நேரெதிர்: ரிமோட் கண்ட்ரோல் 'ரிமோகோன்', ஏர் கண்டிஷனர் 'ஏயாகோன்' என்று ஆயிரக்கணக்கில் ஆங்கிலச் சொற்கள் புரளும். சுலபம் என்று நினைத்தால், சுவரில் இருக்கும் மின்சார பிளக் பாயிண்டின் பெயர் 'கொன்சென்தோ' என்று வரும். 'மன்ஷொன்' என்று வாடகைக்குக் காட்டுவது மாளிகை இல்லை, சாதாரண அடுக்குமாடி வீடு.

வாயும் காதும்

சீனத்தின் சுங்கச்சாவடி முதல் நாளே வந்துவிடும். மாண்டரினில், அதாவது பொதுச் சீனத்தில், நான்கு தொனி, அதோடு தொனியற்ற மெலிந்த ஒலி ஒன்று. தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் மொத்தமே சுமார் 400 அசைகள்தான். அதனால் பளு முழுவதும் தொனியின் தலையில். 'மாய்' என்பதைத் தாழ்த்திச் சொன்னால் வாங்கு. மேலிருந்து வெட்டினாற்போல் இறக்கினால் விற்பனை செய். இரண்டையும் சேர்த்து 'மாய்மாய்' என்றால் வியாபாரம். சந்தையில் நின்று வாங்க வந்தேன் என்பதற்கு விற்க வந்தேன் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் புரிந்துகொள்வார்கள். ஆனால் ஒரு வாக்கியத்தில் நாலு தொனி பிசகினால் எதிராளிக்கு ஒன்றுமே பிடிபடாது. தமிழில் சந்தேகமாகக் கேட்கும்போது குரலைக் கடைசியில் ஏற்றுகிறோம். அந்தப் பழக்கத்தைச் சீனத்துக்குக் கொண்டுபோனால் கடைசிச் சொல்லின் பொருளே மாறும். 2014இல் பேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் அரைமணி நேரம் மாண்டரினில் உரையாடினார். மாணவர்கள் கைதட்டினார்கள், முயற்சியைப் பாராட்டினார்கள். தொனி தடுமாறியதும் உலகத்துக்கே கேட்டது.

தமிழருக்கு இங்கே ஒரு லாபம், ஒரு நஷ்டம். நாக்கை மடித்துச் சொல்லும் மாண்டரின் ஒலிகளில் ஆங்கிலேயர் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வார்கள். ழ, ட, ண என்று வளர்ந்த நாக்குக்கு அது பெரிய வேலை இல்லை. நஷ்டம், மூச்சொலி. 'பாவ்' என்பதை மூச்சு விடாமல் சொன்னால் வேறு, மூச்சைத் தள்ளிச் சொன்னால் வேறு. ஆங்கில எழுத்தில் ஒன்றுக்கு 'b', மற்றதற்கு 'p' என்று எழுதிவிட்டார்கள் என்று அதை நம்பி நம்மவர் முதலாவதை 'பாட்டில்' என்பதன் பகரம்போல் அதிர்வோடு சொல்வார்கள். தேவையில்லை. 'பழம்' என்னும்போது வருகிற நம் பகரமே முதலாவதுக்குச் சரி. இரண்டாவதுக்குத்தான் பயிற்சி வேண்டும். வாய்க்கு முன் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பார்க்கச் சொல்வார்கள் ஆசிரியர்கள். காகிதம் ஆட வேண்டும். இந்தி தெரிந்தவர்களுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே ஆகியிருக்கும்.

ஜப்பானிய ஒலிகள் நமக்கு விருந்து. குறில் நெடில் பேதத்தில் பொருள் மாறும்: 'ஒபசான்' அத்தை, 'ஒபாசான்' பாட்டி. ஒற்றை, இரட்டை மெய்யில் மாறும்: 'கிதே' என்றால் வா, 'கித்தே' என்றால் தபால் தலை. பல்லும் பாலும், படுவும் பட்டும் வேறு என்று தாய்ப்பாலோடு தெரிந்தவர்களுக்கு இதையெல்லாம் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஆங்கிலேயருக்கு இது தனிப் பாடம்.

இலக்கணத்தில் தமிழனுக்குக் கிடைக்கும் தள்ளுபடி

ஜப்பானிய வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் பெரும்பாலும் அப்படியே தமிழ் வாக்கியமாக நிற்கும். வினை கடைசியில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். 'கினோ கத்தா ஹொன்': நேற்று வாங்கிய புத்தகம். 'நேற்று வாங்கிய' என்பதை முன்னால் வைக்க ஓர் ஆங்கிலேயர் தலைகீழாக நிற்க வேண்டும், நமக்கு அது இயல்பு. துணைவினைகள் இன்னும் வியப்பு. 'தபெத்தே மிரு': சாப்பிட்டுப் பார், 'மிரு' என்ற வினைக்குப் பார் என்றே பொருள். 'கத்தே ஒக்கு': வாங்கி வை, 'ஒக்கு' என்றால் வை. 'கத்தே குரு': வாங்கிக்கொண்டு வா, 'குரு' என்றால் வா. 'மோ' ஒட்டினால் நம் 'உம்'. யானைக்கு மூக்கு நீளம் என்பதை ஜப்பானியத்தில் சொல்ல, யானை, மூக்கு இரண்டும் எழுவாய் போல் நிற்கும் வாக்கியம் ஒன்று உண்டு. மேலைநாட்டு மாணவர்கள் விழிக்கிற இடம், நாம் சாதாரணமாகக் கடந்துபோகிற இடம்.

சுட்டுச் சொற்களில் 'கொரே, சொரே, அரே, தொரே' என்று நான்கு. இது, உனக்குப் பக்கத்தில் இருப்பது, அது, எது. இரண்டாவதுக்குச் சென்னைத் தமிழில் சொல் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிறது: உது. ஈழத்தமிழர் ஜப்பானியம் படித்தால் இந்தப் பாடம் ஒரு நிமிட வேலை. கொடுத்தலுக்கும் இரண்டு வினை: எனக்கு வருவதற்கு 'குரேரு', மற்றவருக்குப் போவதற்கு 'அகேரு'. தா, வா இரண்டும் தன்மை முன்னிலைக்கு, செல், கொடு இரண்டும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் பிரித்துவைத்ததை நாம் கைவிட்டுவிட்டோம். ஜப்பானியர் தங்கள் மொழியில் அப்படியொரு கணக்கைக் கறாராக வைத்திருக்கிறார்கள்.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008), தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பல ஆண்டுகள் வாதாடினார். யாழ்ப்பாணப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். உலக ஒப்பியல் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கும் அந்த உறவில் நம்பிக்கை கிடையாது. கொரியமும் மங்கோலியமும் துருக்கியும் ஏறக்குறைய இதே கட்டமைப்பில்தான் இருக்கின்றன. படிக்கிறவனுக்கு அது பொருட்டே இல்லை. உறவோ இல்லையோ, தள்ளுபடி கிடைக்கிறது.

தள்ளுபடி தீர்கிற இடம் மரியாதைச் சொல். நமக்கு நீ, நீங்கள், வா, வாங்க தெரியும் என்ற தெம்பில் போனால் அடி விழும். 'சாப்பிடு' என்பதற்குச் சாதாரணமாக 'தபெரு', எதிராளி சாப்பிட்டால் 'மெஷியாகரு', எதிராளி முன்னால் நான் சாப்பிட்டால் பணிவாக 'இதாதக்கு'. மூன்றும் மூன்று வினை. இதைவிடக் குழப்புவது யாரிடம் யாரை உயர்த்துவது என்பது. அலுவலகத்தில் உங்கள் மேலாளர் தனகா என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் நேரில் பேசும்போது உயர்த்திப் பேச வேண்டும். வெளியிலிருந்து வாடிக்கையாளர் போன் செய்து அவரைக் கேட்டால், 'சான்' என்ற மரியாதை ஒட்டைக்கூட விட்டுவிட்டு வெறும் தனகா என்றே, தாழ்மை வினையில், வெளியே போயிருப்பதாகச் சொல்ல வேண்டும். வெளியாள் முன்னால் நம் கூடாரத்து ஆள் எவரும் நம்மைப் போலவே பணிந்தவர். மேலாளரை 'அவர்' என்றே சொல்லிப் பழகிய நமக்கு இது தொண்டையில் நிற்கும். ஜப்பானிய இளைஞர்களுக்கும் நிற்கிறது. புதிதாக வேலையில் சேர்கிறவர்களுக்குக் கம்பெனிகளே இதில் பயிற்சி கொடுக்கின்றன.

எண்ணுவதும் தனி ரோதனை. பென்சில், பாட்டில் போல நீளமானவற்றுக்கு 'இப்பொன், நிஹொன், சம்பொன்' என்று ஒட்டே உரு மாறும். தாளுக்கு வேறு, புத்தகத்துக்கு வேறு, பூனைக்கு வேறு. சீனத்திலும் இப்படி ஒட்டுகள் உண்டு. ஆறு, மீன், கால்சட்டை, தெரு எல்லாவற்றுக்கும் ஒரே ஒட்டு, நீளமாக இருப்பதால். ஆனால் அங்கே மறந்துபோனால் 'க' என்ற பொது ஒட்டைப் போட்டுச் சமாளிக்கலாம்.

சீனத்துக்கு இலக்கணமே இல்லை என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். வினைக்கு இறந்தகால விகுதி இல்லை, பால் இல்லை, வேற்றுமை இல்லை என்பது உண்மை. அதனால் முதல் ஆறு மாதம் குதூகலமாக இருக்கும். அப்புறம் வினைக்குப் பின்னால் வரும் துணுக்குகள் ஆரம்பிக்கும். 'திங்' என்றால் கேள். 'திங் பு தோங்': காதில் விழுகிறது, புரியவில்லை. 'திங் பு தாவ்': காதிலேயே விழவில்லை. 'திங் பு ஷியாச்சு': இதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுக்கவில்லை. போனில் ஒருவரிடம் முதலாவதுக்குப் பதில் மூன்றாவதைச் சொன்னால் உறவு கெடும். 'ல' என்ற ஒற்றை அசை எங்கே வேண்டும், எங்கே கூடாது என்பதில் பத்து வருடம் படித்தவர்களும் சறுக்குவார்கள்.

அப்புறம் நான்கெழுத்து மரபுத்தொடர்கள். பாம்பு வரையும் போட்டியில் முதலில் முடித்தவன், நேரம் இருக்கிறதே என்று பாம்புக்குக் கால் வரைந்து பரிசு மதுவைக் கோட்டைவிட்ட பழைய கதை, நான்கே எழுத்தில் அன்றாடப் பேச்சில் வந்து விழும். கதை தெரியாதவருக்கு அது வெறும் 'வரை, பாம்பு, சேர், கால்'. இது நாளிதழ் தலைப்பிலும் வரும்.

யாருக்குச் சுலபமாக வந்தது

ஜப்பானின் சுமோ களத்துக்கு வாருங்கள். 1972இல் மேல்பிரிவுப் பட்டம் வென்ற முதல் வெளிநாட்டவர் ஹவாயைச் சேர்ந்த தகமியாமா. பிறகு மங்கோலியர்கள் அலையாக வந்தார்கள். அவர்களில் ஹகுஹோ 45 பட்டம் வென்றவர். இவர்கள் வெற்றிக்குப் பின் தொலைக்காட்சியில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஜப்பானியத்தில் பேட்டி கொடுப்பார்கள். மங்கோலியரின் சொல் வரிசை ஜப்பானியத்தை ஒத்தது என்பது உதவியிருக்கும். ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்த ஹவாய்க்காரர்களும் அதே சரளத்தோடு பேசினார்கள். பதின்ம வயதில் வந்து, பயிற்சிக் கூடத்திலேயே தங்கி, மூத்தவர்களுக்குச் சமைத்துப் பரிமாறி, வேறு மொழி பேச ஆளில்லாமல் இருந்தால் வாய் திறந்துதானே ஆக வேண்டும். பேச்சைப் பொறுத்தவரை 'கடினமான மொழி' என்ற பட்டம் இந்த இடத்தில் செல்லுபடியாகவில்லை. மலேசியாவில் சீனத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பப்படும் தமிழ்ப் பிள்ளைகள் மாண்டரினில் சக மாணவர்களோடு சண்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கும் இது தெரியும்.

எழுத்தில் கதை வேறு. அங்கே முன்னால் ஓடுகிறவர்கள் சீனர்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உச்சப் படியான என்1ஐச் சீன மாணவர்கள் வேகமாகத் தொட முடிவதற்குக் காரணம், கேள்வித்தாளின் கஞ்சிகளில் பெரும்பகுதியின் பொருள் அவர்களுக்குப் படிக்காமலே தெரியும் என்பது. அவர்கள் தடுக்கி விழுவது வினை விகுதிகளில், உருபுகளில். அதாவது நமக்குச் சுலபமான இடத்தில். 2008இல் அகுதகவா இலக்கியப் பரிசை, ஜப்பானியத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் முதன்முறையாக வென்றார். அவர் சீனாவிலிருந்து வந்த யாங் யி.

கை எழுத்தின் நிலைமையும் மாறிவிட்டது. போனில் ஒலியைத் தட்டினால் எழுத்துகள் வரிசையாக வரும், சரியானதைத் தொட்டால் போதும். சீனர்களே எழுதப் போனால் மறந்துபோகும் நிலை வந்து, அதற்குத் 'தூரிகை எடுத்தால் எழுத்து மறக்கும்' என்று ஒரு தொடரே புழக்கத்தில் இருக்கிறது. 'தும்மல்' என்பதைக் கையால் எழுதச் சொன்னால் படித்தவர்களே தயங்குவார்கள். சீன மொழித் தேர்வைக் கணினியில் எழுதுகிறவர்களுக்கு ஒலியைத் தட்டித் தேர்ந்தெடுத்தால் போதும். 2200 மணியில் கணிசமான பகுதியைத் தின்ற எழுதிப் பழகும் வேலையை இன்றைய மாணவர் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் 300 எழுத்துகளையாவது கோடு வரிசை தவறாமல் கையால் எழுதிப் பழகுவது நல்லது என்பது என் கருத்து. இல்லாவிட்டால் ஒரு கோடு மட்டும் வித்தியாசப்படும் எழுத்துகள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்.

நம்மூரில் இரண்டில் எதைப் படிக்கலாம் என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: பேசுவது மட்டும் போதும் என்றால் தமிழருக்கு ஜப்பானியம் வேகமாக வரும். வாசிக்கவும் வேண்டும் என்றால் இரண்டும் நீண்ட பயணம். நடுவழியில் ஜப்பானியம் மேலும் சுற்றும். சீனத்தில் முதல் மூன்று மாதத்தைத் தொனிக்கே கொடுக்க வேண்டும், எழுத்து காத்திருக்கலாம். பிசகிப் பதிந்த தொனியைப் பிறகு திருத்துவது பெரும்பாடு. ஜப்பானியத்தில் ஹிரகானாவை முதல் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் தமிழெழுத்தில் க, த இரண்டுக்கும் அதிர்வுள்ளதும் இல்லாததும் ஒன்றே. கக்கி என்று எழுதினாலும் ககி என்று எழுதினாலும் சீமைப் பனிச்சைப் பழமா, சாவியா என்று பிறகு உங்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் எந்தப் படியிலும் பேச்சுத் தேர்வு கிடையாது, எல்லாம் விடை தேர்ந்தெடுப்பது. ஆகவே சான்றிதழ் வாங்கிவிட்டேன் என்பதும் வேலைக்கான நேர்காணலில் வாய் திறப்பதும் வேறு வேறு. வகுப்பில் சேரும் முன் தினம் எவ்வளவு நேரம் பேசவைக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்று மாதம் ஆகியும் நோட்டில் தமிழெழுத்திலேயே ஜப்பானியம் எழுதவைக்கிறார்கள் என்றால், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.